லொறிக்காரர்களின் ஆங்கிலம்

போன கிழமை கண் மருத்துவரிடம் நேரம் எடுக்கப் போன் அடித்தேன். எடுத்தது மெஷின். ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து அடுக்கியது போன்ற ஆங்கிலம். எல்லாம் விளங்கியது. விளங்கியும் இருப்புக்கொள்ளவில்லை. யன்னலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் போன் என்றால் நனைந்த காட்போட் மணமும் ஆறிய கோப்பி மணமும்தான். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, ஸ்காபரோவில் உறைந்த மீன் பெட்டிகள் வந்து இறங்கும் களஞ்சியம் ஒன்றில் சேர்ந்த புதிது. குளிர் அறையில் பெட்டி அடுக்கி விரல்கள் வீங்கியிருந்தன. வீட்டுக்கு வந்தால் சட்டைப் பொத்தானை மனைவிதான் கழற்றிவிட வேண்டும். அப்போதுதான் போன் மேசைக்கு ஆள் தேவைப்பட்டது. சூடான அறை, இருக்கக் கதிரை. லொறிகள் எங்கே நிற்கின்றன, எப்போது வரும் என்று கேட்டுச் சொன்னால் போதும். ஆங்கிலம் தெரியுமா என்றார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த துணிவில் தெரியும் என்றுவிட்டேன்.

ஆங்கிலம் ஒன்றுதான் என்று நம்பியிருந்தேன். யாழ்ப்பாணத்தானும் மட்டக்களப்பானும் ஒரே மாதிரியா தமிழ் கதைக்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். போன் அடிக்கும் லொறிக்காரர்களில் அலபாமாக்காரர் ஒரு வசனத்தை இழுத்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் எனக்கு மறந்துவிடும். ஸ்கொட்லாந்துக்காரர் தொண்டைக்குள் கல் உருட்டுவார். எல்லோரிலும் கடினம் நியூஃபவுண்ட்லாந்துத் தீவு டொம். பஸ் பிடிக்க ஓடுகிறவர் போலப் பேசுவார்.

விளங்காதபோது நம் ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். மரியாதையாகத் தலையை ஆட்டினேன். போனில். டொம் ‘ஹலோ, ஹலோ’ என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அன்று அவருடைய லொறி பனியில் சிக்கியிருந்தது. அது தெரியாமல், இறக்க வந்தவர்கள் பின்னேரம் வரை சும்மா நின்றார்கள். இன்னொரு முறை இப்படி நடந்தால் திரும்பவும் குளிர் அறைதான் என்றார் சுப்பவைசர்.

பக்கத்து மேசை ராசன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார்.

“வாயைத் திறந்து சொல்லடாப்பா. நீ இஞ்சை தலையாட்டுறது அவனுக்கு அங்கை தெரியுமே?”

“அவர் என்னை ‘மை சன்’ எண்டெல்லோ கூப்பிடுறார், அண்ணை. மகன் எண்டு கூப்பிடுறவரிட்டை விளங்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“அப்ப கொப்பரும் நியூஃபவுண்ட்லாந்து எண்டு சொல்லு!”

அடுத்த முறை டொம் போன் அடித்தபோது துணிந்துவிட்டேன். உங்கள் ஆங்கிலம் எனக்கு விளங்கவில்லை என்று சொன்னேன். மறுமுனையில் பெரிய சிரிப்பு. உன்னுடையதும் எனக்குப் பாதிதான் விளங்குகிறது, கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார்.

அதன்பிறகு முதலில் ஊர், பிறகு ரோட்டு, பிறகு பனி என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார். நான் திருப்பிச் சொல்வேன். குளிர் அறைக்கு நான் திரும்பப் போகவேயில்லை. போகப்போக அவருடைய தாயின் முழங்கால் வலி, வீட்டுக்குப் பின்னால் உள்ள கடல் என்று எல்லாம் பேச்சில் வந்தது. முகம் மட்டும் பார்த்ததில்லை. அவர் வந்து சேர்வது நான் வீட்டுக்குப் போன பிறகு.

பின்னர் போன்களை எடுத்துவிட்டுத் திரை ஒன்றை மாட்டினார்கள். டொம்மின் லொறி அதில் ஒரு நீலப் புள்ளி. ஒரு நாள் அது வரும் வழியில், கியூபெக்கில் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. கீழே ‘தாமதம்’ என்று மட்டும் வந்தது. பனியா, வேறேதுமா என்று கேட்க என்னிடம் அவருடைய நம்பர் இல்லை; எப்போதும் அவர்தான் போன் அடிப்பார். இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன்.

“வா, சாப்பிடுவம்” என்றார் ராசன் அண்ணை.

“நீங்கள் போங்கோ, வாறன்” என்றேன். புள்ளி இன்னும் அசையவில்லை.