கசந்த கொழுக்கட்டை கணக்கில் வருமா

போன திருக்கார்த்திகைக்கு அப்பாவுக்கு ஒரே ஒரு ஓலைக் கொழுக்கட்டைதான் என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவருக்குச் சர்க்கரை கூடிப்போயிருந்தது. அந்த ஒன்றும் பச்சரிசியில் வேண்டாம், கருப்பட்டியும் குறைவாக இருக்கட்டும் என்பது டாக்டரின் சொல். வருஷம் முழுக்க இந்தப் பலகாரத்துக்காகவே காத்திருக்கிற மனிதர் அப்பா. கிடைக்கிற ஒன்றாவது நன்றாக அமையட்டும் என்று, எல்லோருக்குமே கம்பில் செய்கிற பொறுப்பை நான் ஏற்றேன்.

எனக்கு எதையும் தள்ளிப்போடத் தெரியாது. தீபாவளி முடிந்த கையோடு சிவகிரியிலிருந்து கம்பு வரவழைத்து, முக்கால்வாசியை மில்லில் திரித்து டின்னில் அடைத்துவிட்டேன். அம்மா அரிசி மாவை அப்படித்தான் முன்கூட்டியே திரித்து வைப்பாள். கார்த்திகை நெருங்கினால் மில்லில் நிற்க இடமிருக்காது. மழைக்குக் கரண்டும் போய்விடும்.

கார்த்திகையன்று மாவை வறுத்து, கருப்பட்டிப் பாகு, தேங்காய், சிறுபயறு, சுக்கு, ஏலக்காய் எல்லாம் சேர்த்துப் பிசைந்தேன். கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்த அப்பா, பனங்குருத்தோலையில் மாவை அடைத்துக் கட்ட உட்கார்ந்தார். அகலமான ஓலை ஒன்றைத் தேடியெடுத்து, அமுக்கி அமுக்கி அடைத்து, இரண்டு முடிச்சுப் போட்டார்.

"அதுல மட்டும் என்ன ரெட்டை முடிச்சு?" என்றாள் அம்மா.

"அவுந்துரக் கூடாதுலா."

வாசலில் விளக்கேற்றி வந்ததும் ஆளுக்கொன்று எடுத்தோம். அப்பா ஒரு கடி கடித்தார். மெதுவாக மென்றார். "நல்லாருக்குட்டி," என்றார்.

அடுத்துக் கடித்த தம்பி என்னைப் பார்த்தான். "ஏக்கா, வேப்பிலையும் சேத்தியா?"

நானும் கடித்தேன். விழுங்கிய பிறகு அடிநாக்கில் அப்படியொரு கசப்பு. உடனே போனில் தேடினேன். கம்பு மாவில் எண்ணெய் கூடுதலாம்; திரித்து வைத்தால் சீக்கிரமே கசந்துவிடுமாம். அரிசி மாவுக்கு உள்ள வழக்கத்தை நான் கம்புக்குச் செய்திருக்கிறேன்.

படித்துக் காட்டியதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப இது கணக்குல வராது. கெட்ட சாமானை மாத்திக் குடுக்கணும்லா."

"உங்க பெயிண்டு கடையில என்ன போர்டு வச்சிருக்கிய? வித்த சாமான் திரும்ப எடுக்கப்படாதுன்னுதான?" என்றாள் அம்மா.

"அது பெயிண்டுக்கு."

"நல்லாருக்குன்னு சொன்னதும் நீங்கதான?"

"பிள்ளை மனசு நோகுமேன்னு சொன்னேன்."

"எப்பா, மனசு நோவல. நாக்குதான் கசக்கு," என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இன்னொண்ணு. சின்ன ஓலையில."

திரிக்காத கம்பு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை மிக்ஸியில் அடித்துச் சலித்து, வறுத்து, மறுபடியும் பிசைந்தேன். அப்பா ஓலையோடு பக்கத்திலேயே நின்றார். அவர் அகலமான ஓலையை எடுக்கிறபோதெல்லாம் அம்மா அதைப் பிடுங்கிக் குறுகலானதைக் கொடுத்தாள்.

வெந்து இறங்கியதும் அப்பாதான் முதலில் பிரித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எப்பா, எப்படி இருக்கு?"

"இதுவும் லேசா கசக்குதுட்டி."

அம்மா அவர் கையிலிருந்ததில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். "நல்லா இனிக்கத்தான செய்யுது," என்று சொல்லிவிட்டு, மிச்சக் கொழுக்கட்டையோடு இட்லிக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.