ஆள் இறங்காமல் விரித்த படுக்கை

"தன் பாயையே சுருட்டி வைக்காத கழுத, ஊரான் படுக்கைய விரிக்கப் போகுதாக்கும்!"

நான் நர்சிங் ஸ்கூலில் சேர்ந்தபோது பெரியப்பா சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் அவர் பேச்சை நான் சட்டை செய்யவில்லை. படுக்கையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எனக்கும் தெரியாது என்பது சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வார்டு பயிற்சிக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

ஊசிக்கு முன்னால்

முதல் நாளே கையில் ஊசி தருவார்கள், டாக்டருக்குப் பக்கத்தில் நின்று நாடி பிடிக்கலாம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். கிடைத்தது பெட்ஷீட். அதன்மேல் மெக்கின்டாஷ் என்கிற ரப்பர் விரிப்பு, அதற்கும் மேல் இடுப்புப் பக்கம் குறுக்கே போடும் ட்ரா ஷீட். எங்கேயாவது சுருக்கம் விழுந்தால் எங்களுக்குப் பாடம் எடுக்கும் சிஸ்டர் ட்யூட்டர் மொத்தத்தையும் உருவிப் போட்டுவிடுவார். "நோயாளி முதுகுல புண்ணு வந்தா நீயா படுப்ப?" என்பார்.

இதில் கஷ்டமானது, நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது. ஆளை ஒருக்களித்துத் திருப்பி, பழையதைப் பாதி சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, பிறகு மறுபக்கம் திருப்ப வேண்டும். இந்த டெஸ்ட்டில் பாஸானால்தான் தலையில் நர்ஸ் தொப்பி. இரண்டு முறையும் தவறினால் ஊருக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பேச்சியம்மாள்

டெஸ்ட்டுக்கு எனக்கு வாய்த்தவர் பேச்சியம்மாள். பனவடலிசத்திரத்தில் நடவுக்குப் போகிறவர். டைஃபாய்டு. காய்ச்சல் விட்டிருந்தாலும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது.

செய்யப் போவதை நோயாளிக்கு விளக்க வேண்டும் என்பது எங்கள் பாடத்தின் முதல் வரி. நானும் விறைப்பாக நின்று, "அம்மா, தங்கள் படுக்கை விரிப்பை மாற்றவிருக்கிறேன். ஒத்துழைக்கவும்" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, பேச்சியம்மாள் கீழே இறங்கிவிட்டார். "அந்த முனைய இங்கன குடு மக்கா. நீ வேலை செய்ய, நான் மல்லாந்து கெடக்கவா? நல்லாவா இருக்கும்?" விரிப்பை வாங்கி ஓர் உதறு உதறினார். அது ட்யூட்டரின் முகத்தில் போய் விழுந்தது.

"ஒரு தடவை போச்சு" என்றார் ட்யூட்டர், விரிப்பை விலக்கிக்கொண்டே. "இன்னும் ஒண்ணுதான் இருக்கு."

பேச்சியம்மாளைப் படுக்க வைத்து, காதருகே குனிந்தேன். பாடம், செந்தமிழ் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"பெரியம்மா, ஆள் இறங்காம விரிக்கத் தெரியுதான்னுதான் இவிய பாக்காவ. நீங்க இறங்குனா நான் பெயிலு. மொதல்ல இந்தப் பக்கம் திருப்புவேன், பொறவு அந்தப் பக்கம். உங்களுக்கு ஒரு வேலையும் கெடையாது."

"இத மொதல்லயே சொல்லுததுக்கென்னட்டி?"

உருட்டினேன், உருண்டார். ஒரு சுருக்கம் இல்லை. ட்யூட்டர் தடவிப் பார்த்துவிட்டு, "போதும்மா, இனி நேராப் படுங்க" என்றார்.

பேச்சியம்மாள் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "பிள்ள பாஸுன்னு சொல்லுங்க, அசையுதேன்."

வார்டே சிரித்தது. ட்யூட்டரும் சிரித்துவிட்டார். பாஸ்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பாடத்தின் முதல் வரி சரியான வரி. ஆனால் நோயாளிக்குப் புரிகிற பேச்சில், எதற்காக என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது விளக்கம். மற்றது ஒப்பித்தல்.

இன்று காலை லேபர் வார்டில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ராயகிரியிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த ஓர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இப்ப நான் என்ன செய்யப் போறேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டுன்னு சொல்லுட்டி, அடுத்த வலி வருது!"