என் எஞ்சினை ஓட்டியவன்

எண்பதுகளின் நடுவில் பாரிஸின் லா ஷப்பலில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். சன்னலைத் திறந்தால் கீழே தண்டவாளங்கள். மற்றவர்களுக்கு அது இரைச்சல். எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல். காங்கேசன்துறை ரயில் யார்டில் நான் சண்டிங் டிரைவராக இருந்தவன். ஊர் ஊராகப் போகும் எஞ்சின் அல்ல என்னுடையது. யார்டுக்குள்ளேயே பெட்டிகளை இழுத்தும் தள்ளியும் ரயிலாகக் கோத்துக் கொடுக்கும் எஞ்சின். பயணிகள் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த அறையில் அதைப் பற்றிக் கேட்டவன் ஒருவன்தான். யாழ்ப்பாண டவுனில் புடவைக் கடையில் வேலைக்கு நின்றவன், என்னைவிட இளையவன். ஞாயிற்றுக்கிழமை சமையல் முடிந்ததும் பக்கத்தில் வந்து குந்துவான்.

"அண்ணை, அந்த இங்கிலீசு எஞ்சின்ரை கதையைச் சொல்லுங்கோ."

கேட்க ஆள் கிடைத்தால் நான் விடுவேனா? அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து அவை கப்பலில் வந்து இறங்கியதிலிருந்து தொடங்குவேன். வை வகுப்பு என்று பெயர். அதற்கு முன் யார்டு வேலை கரி எஞ்சின்களுடையது. நெருப்புப் போட்டு, நீராவி ஏறும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இது டீசல். எண்ணெயின் விசையே சக்கரத்தைச் சுழற்றும். சின்ன உடம்பு, ஆறு சக்கரம், நீண்ட மூக்கு. ஆனால் சீமெந்துப் பெட்டிகளை வரிசையாகக் கொளுவிவிட்டாலும் முனகாமல் இழுக்கும்.

ஊரை விட்டு வந்த காரணத்தையும் அவனுக்குத்தான் முதலில் சொன்னேன். ஒருநாள் ஆமிக்காரர் துவக்குகளோடு எஞ்சினின் படிகளில் ஏறி நின்று, தங்கள் பெட்டிகளை இழுக்கச் சொன்னார்கள். இழுத்தேன். மறுநாள் இயக்கப் பொடியள் வீட்டுக்கு வந்து, ஏன் இழுத்தாய் என்று கேட்டார்கள். மனைவியையும் மகளையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். அகதிக் காட் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிட முடியும். அவன் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தான். அருமையான பிள்ளை என்று நினைத்தேன், மடையன் நான்.

விசாரணைக்கு முதலில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். காட் கிடைத்துவிட்டது. அன்றைக்கு ஆட்டுக்கறி காய்ச்சியது நான்தான்.

பிறகு என் முறை வந்தது. அதிகாரி ஒரு பெண்மணி. புதுச்சேரிக்காரர் ஒருவர் மொழிபெயர்க்க இருந்தார். ஆமிக்காரர் படியில் ஏறிய இடத்துக்கு நான் வந்ததும் அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

"மறுநாள் பசங்க வீட்டுக்கு வந்தாங்க, அதானே ஐயா?" என்றார் மொழிபெயர்ப்பாளர். "மதாம் இந்தக் கதையை முன்னாடியே கேட்டிருக்காங்களாம். அந்த எஞ்சின் எதுல ஓடிச்சுன்னு கேக்கிறாங்க."

"டீசலிலை."

அவர்கள் இருவரும் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள்.

"முன்னாடி வந்தவர் கரின்னு சொன்னாராம். நீங்க கதையைச் சரியாப் பாடம் பண்ணலைங்கிறாங்க."

என்னுடைய கதையில் நான் பெயிலாகிவிட்டேன்.

மறுப்பு வந்த அன்று அவனைப் பிடித்துக் கேட்டேன். அவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்கவுமில்லை.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் கரி எஞ்சினையும் சொன்னனீங்கள், டீசலையும் சொன்னனீங்கள். எனக்கு மாறிப்போச்சு."

மன்னிப்புக் கேட்டது கரிக்கு மட்டும்!

"உன்ரை கதையைச் சொல்லியிருக்கலாம்தானே?"

"கடை எரிஞ்ச கதை எல்லாரிட்டையும் இருக்கு அண்ணை. உங்கடை எஞ்சின் ஒருத்தரிட்டையும் இல்லை."

கையை ஓங்கிவிட்டேன். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிறு ஞாயிறாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. அகதி அலுவலகத்தில் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் காட்டிக்கொடுக்கிறவன் என்று பெயர் எடுத்தால் பிறகு லா ஷப்பலில் ஒரு தேங்காய்கூட நிம்மதியாக வாங்க முடியாது.

மேல்முறையீட்டுக்குப் பிடித்த வக்கீல் எஞ்சினை அடியோடு விடச் சொன்னார். அந்தக் கதையை இனி ஒருவரும் நம்பமாட்டார்களாம். லொறி ஓட்டினேன் என்று எழுதினோம். ஆமிக்காரர் லொறியில் ஏறினார்கள். பொய் வென்றது, மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள்.

சில வருடம் கழித்து, பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் ஒரு பிறந்தநாள் விழா. அங்கே அவன் ஆட்களைச் சுற்றி இருத்திவைத்து, வை வகுப்பு எஞ்சின் கப்பலில் வந்த கதையைக் கைகளை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். என் சொற்களேதான். நடுவில் நான் விடும் செருமல்கூட அப்படியே இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் மரியாதைக்காக என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, நீங்கள் ஊரிலை என்ன வேலை?"

அவன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். என் மனைவியும் பார்த்தாள். யார்டுக்குத் தினமும் சோறு கொண்டுவந்து தந்தவள்.

"லொறி ஓடினனான்" என்றேன்.

"அண்ணை திறமான லொறி டிரைவர்" என்று அவன் எனக்காகச் சாட்சி சொன்னான்.

மனைவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். அவன் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினான்.