அத்தையும் மாமாவும் தனிக்குடித்தனம் போனது

என் மாமியாரும் மாமனாரும் தனிக்குடித்தனம் போன கதையைச் சொல்ல வாயைத் திறந்தாலே எனக்குச் சிரிப்பு முந்திக்கொள்ளும். அது எழுபதுகளின் கடைசி. தேனி பஜாரில் கீழே எங்கள் மிளகாய்க் கடை, மேலே வீடு. இடையில் ஒரு மரப்படி. அதைப் படி என்பதைவிட ஏணிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். மூட்டுவலி வந்த பிறகு அத்தை அதில் இறங்கவே இல்லை. கீரையோ பூவோ வேண்டுமானால் ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார். ஊர்வம்பும் அப்படித்தான் மேலே வரவேண்டும், வருவதற்குள் பாதி சிந்திவிடும். வரவர அவருக்குப் பேச்சே குறைந்துபோனது. எனக்கு அது பயமாக இருந்தது.

ஒரு நாள் காலை அத்தை அறிவித்தார். பின்தெருக் காம்பவுண்டில் தரையோடு தரையாக ஒரு போர்ஷன் காலியாம், கீரைக்காரி சொன்னாளாம், தானும் மாமாவும் தனிக்குடித்தனம் போகப் போகிறார்களாம். என் கணவருக்குக் காப்பி புரையேறிவிட்டது. தனிக்குடித்தனம் என்பது புதுசாகக் கல்யாணமானவர்கள் போவது. பெற்றவர்கள் போனால் பஜாரில் எப்படித் தலைகாட்டுவது என்று குதித்தார். ஊரோ அவரை விட்டுவிட்டு, மருமகள்தான் விரட்டிவிட்டாள் என்று பழியை என் தலையில் கட்டியது.

அத்தை அசரவில்லை. "முறையோட போனா எவன் பேசுவான்? சீர் வச்சு அனுப்புத்தா" என்றார் என்னிடம்.

தீபாவளி வரைக்கும்தான் என்ற கெடுவோடு மகன் இறங்கிவந்தார். உப்பு, அரிசி, துவரம்பருப்பு, நிறைகுடம் என்று மகனைத் தனியே வைக்கும்போது கொடுப்பது அத்தனையும் எடுத்துவைத்தேன். கடை ஆட்கள் அத்தையை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். குத்துவிளக்கோடு நான் முன்னால், அத்தை நடுவில், வெற்றிலைச் சிவப்போடு எழுபது வயது மாப்பிள்ளை பின்னால். எதிர்க்கடைக்காரர் மாமாவுக்கு மாலையே போட்டுவிட்டார். புது வீட்டில் பால் பொங்கியபோது குலவை போட்டது யார் என்று எல்லோரும் திரும்பினார்கள். நான்தான்.

அதன் பிறகு அத்தையைக் கையில் பிடிக்க முடியவில்லை. வாசலைத் தாண்டினால் குழாயடி, அதைத் தாண்டினால் சந்தை. முதலில் சுவரைப் பிடித்து நடந்தார், பிறகு மாமாவின் தோளை, பிறகு எதையுமே பிடிக்கவில்லை. நான் குழம்பு கொண்டுபோனால் வீடு பூட்டிக் கிடக்கும், இருவரும் மேட்னி ஷோ. காலையில் கதவு திறக்கச் சற்றுத் தாமதமானால் காம்பவுண்டில் யாராவது வந்து தட்டிவிடுவார்கள். தலைவலி என்று படுத்தால் மூன்று வீட்டு ரசம் வந்து சேரும்.

தீபாவளியும் வந்தது. என் கணவர் படியடியில் நாற்காலியும் ஆட்களுமாகக் காத்திருந்தார். தலைதீபாவளிக்கு வருகிற பெண் மாதிரி பட்டுச்சேலையில் வந்த அத்தை, நாற்காலியைத் திரும்பியும் பார்க்காமல் படியில் கால் வைத்தார். நின்று நின்று ஏறினார். மேலே போய் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அதான் ஏறிட்டீகள்ல, இனிமே ரெண்டு பேரும் இங்கனயே இருங்க" என்றார் என் கணவர்.

"ஏறினவளுக்கு எறங்கவும் தெரியும்ப்பா. எங்கள விட்டு இருக்க முடியலைன்னா நீ அங்கன வா. பக்கத்துப் போர்ஷன் காலியாத்தான் கெடக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் முறுக்குத் தட்டைப் பார்த்தேன். அந்தப் போர்ஷனுக்கு முந்தின வாரமே அத்தையும் நானும் போய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.