விசரா, உனக்குத்தான்

வேலையிடத்தில் என் லொக்கர் கதவின் உட்பக்கத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. தகடு அடிக்கும் பச்சை நிறப் பிரஸ் மெஷின் ஒன்று. அதன் நெற்றியில், டோனட் பெட்டி மூடியில் கிழித்த ஒரு அட்டை மட்டை தொங்குகிறது. மட்டையில் தடித்த கறுப்பு மையில் தமிழ்: "முதல் பத்து அடிக்கும் கையை வைக்காதே. விசரா, உனக்குத்தான்." விசரன் என்றால் எங்கள் பேச்சில் பைத்தியக்காரன். அதற்குக் கீழே சீன எழுத்து. மட்டைக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய விரித்த கை. மெஷின் இருப்பது சீனாவில். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தமிழ் என் கையெழுத்து. இந்தப் படம் என்னிடம் வந்ததற்குக் காரணம் எங்கள் சுப்பவைசர். போன மாரிக் குளிரில் அவர் செத்துப்போனார். சவ அடக்கத்தில் பேசிய எல்லோரும் அவர் அமைதியான மனிதர் என்றார்கள். அமைதியாம். அதைக் கேட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் கதவுகளுக்குப் பிணைச்சல், அதாவது கீல், அடிக்கும் ஒரு பாக்டரியில் அவருக்குக் கீழே பதினொரு வருடம் வேலை செய்தேன். பதினான்கு பேரில் ஒன்பது பேர் தமிழர். அவர் இங்கேயே பிறந்த வெள்ளைக்காரர். பிரஸ் ஓடும் சத்தத்துக்கு மேலால் அவருடைய சத்தம் கேட்கும். எங்களிடமிருந்து இரண்டு சொல் பொறுக்கியிருந்தார், சீக்கிரம் என்பதற்குக் 'கெதியா', ஆமாம் என்பதற்கு 'ஓம்'. மற்றதெல்லாம் இங்கிலீஷ். ஆனால் அவர் சொன்னவை எனக்கு இப்போது எங்கள் தமிழில்தான் நினைவிருக்கின்றன, அப்படியே எழுதுகிறேன். அந்த மனிதரைப் பிடித்திருந்த ஒரே பேய் சீனா. தேநீர் இடைவேளையில் பேப்பரை மேசையில் அறைந்து, "பாருங்கோ, எல்லாத்தையும் வாரிக்கொண்டு போறாங்கள்" என்பார். சுத்தியல், அளவு நாடா, சப்பாத்து, எது கையில் அகப்பட்டாலும் தலைகீழாகப் பிரட்டி எங்கே செய்தது என்று பார்ப்பார். எங்களோடு வேலை செய்த மன்னார் அன்ரி தன் லொக்கரில் ஒரு சின்ன மாதா சொரூபம் வைத்திருந்தா. ஒரு நாள் அதையும் எடுத்துப் பிரட்டிவிட்டார். அடியில் சீனா என்றுதான் இருந்தது. அன்ரி பாய்ந்து பறித்தா. "மாதாவைத் தலைகீழாக்கிறீரோ? அவ எங்கையிருந்து வந்தாலும் மாதாதான். நாங்கள் வந்த நேரமும் உப்பிடித்தான் பயந்தனீரோ?" அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "ஓம். உங்களைப் பாத்து இன்னும் கூடப் பயந்தனான்." எல்லோரும் சிரித்தோம். அன்ரிதான் அதிகம் சிரித்தா. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் இன்னொன்றைச் சொல்லும் ஆட்களை இந்த நாட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்கு அது வராது.

படத்தில் இருக்கும் மெஷினில்தான் நான் நின்றேன். காலால் ஒருமுறை மிதித்தால் மேல் அச்சு ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். குளிர்காலக் காலைகளில், மெஷின் சூடேறும்வரை, சில வேளை மிதிக்காமலே இரண்டாம் முறையும் இறங்கும். சுப்பவைசர் மூன்று தரம் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார். மெக்கானிக் ஒருவன் வருவான், எண்ணெய் விடுவான், போவான். அடுத்த மாரிக்கு அதே கதை. ஒரு திங்கட்கிழமைக் காலை, நான் அடித்த தகட்டை எடுக்கக் கையை விட்டேன். பின்னால் யாரோ என் கொலரைப் பிடித்து இழுத்தார்கள். அச்சு இறங்கிய பிறகு பார்த்தால் கையுறையின் நுனி உள்ளே கிடந்தது, விரல் என்னோடு வந்திருந்தது. இழுத்தவர் அவர்தான். அரை மணித்தியாலம் என்னைத் திட்டினார். பிறகு டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்துக் கொண்டுவந்து, "உன்ரை பாஷையிலை எழுது. வாசிக்கிறவன் கையை எடுக்க வேணும்" என்றார். எழுதினேன். இரண்டாம் வரி என்ன என்று கேட்டார். தயவுசெய்து என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடித்துக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து முதலாளி பாக்டரியை மூடினான். மெஷின்களைச் சீனாவில் ஒரு கொம்பனி வாங்கிவிட்டது. சீனா வந்து கொள்ளையடித்துக்கொண்டு போகவில்லை. எங்கள் முதலாளி விற்றான், அவர்கள் வாங்கினார்கள். இன்றைக்கு எனக்கு இது விளங்குகிறது. அன்றைக்கு விளங்கவில்லை. மெஷின்களை ஓட்டிப் பார்த்துக் கழற்றிக்கொண்டு போக அங்கிருந்து ஒரு டெக்னீசியன் வந்தார். என் வயதுதான் இருக்கும், மூக்குக் கண்ணாடி, இங்கிலீஷ் என்னைவிடக் குறைவு. நாங்கள் தமிழ் ஆட்கள் கூடிப் பேசினோம். உவங்களுக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கிறதில்லை என்று முடிவு. அன்ரி மட்டும், "அந்தாள் உங்களுக்கு என்னடா செய்தது?" என்று கேட்டா. நான் ஒரு படி மேலே போனேன். என் மெஷினிலிருந்து மட்டையைக் கழற்றிச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேலையைத்தான் கொண்டுபோகிறார்கள், என் எழுத்தையும் கொண்டுபோக விடுவதா என்று ஒரு கொதி. அது தை மாதம். வெளியே மூச்சு உறையும் குளிர்.

மறுநாள் காலை டெக்னீசியன் என் மெஷினை முதன்முதலாக ஓட்டிப் பார்க்க வந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் தகட்டை வைத்து, மிதிக்கக் காலைத் தூக்கினார். சுப்பவைசர் தூரத்திலிருந்து மெஷினைப் பார்த்தார், மட்டை இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அறைந்து நிற்பாட்டினார்.

"மட்டை எங்கை?"

"என்ரை பையிலை. ஏன் குடுக்க வேணும்? எங்கடை வேலையைக் கொண்டு போறாங்கள். சீனாக்காரருக்கு நான் ஏன் சொல்லிக் குடுக்க வேணும்?"

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "உன்னைவிட எனக்கு எரியுது. இருபத்தாறு வருசம் இஞ்சை நிண்டனான். எண்டாலும் சீனா வந்து இதுக்குள்ளை கையை வைக்காது. எவனோ ஒருத்தன்தான் வைப்பான். காலமை, குளிருக்குள்ளை, உன்னை மாதிரி ஒரு விசரன்."

கடைசிச் சொல் தமிழ். அன்ரி எப்போதோ அவருக்கு அர்த்தம் சொல்லிவிட்டா. இரண்டு வருடம் தெரிந்துகொண்டே அந்த மட்டையைத் தொங்க விட்டிருந்திருக்கிறார்.

நான் போய்ப் பையைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தேன். என் இங்கிலீஷும் டெக்னீசியனின் இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு வசனம் தேறாது. ஆகவே ஒரு நீளத் தடியை எடுத்தேன். அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். அச்சு இறங்கி ஏறியதும், கை போகும் இடத்தில் தடியைத் தூரத்திலிருந்து நீட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அப்படியே. நாலாவது தரம், நான் மிதிக்காமலே அச்சு இறங்கித் தடியை இரண்டாக முறித்தது. அந்த மனிதர் முறிந்த தடியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார். துண்டுத் தடியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மட்டையை வாங்கி, என் எழுத்துக்குக் கீழே தன் எழுத்தில் எழுதினார். விசரா என்பதை அவர் எப்படி எழுதினார் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அந்த மட்டையோடுதான் மெஷின் கப்பல் ஏறியது.

வேலை போன பிறகு சுப்பவைசர் எங்கள் பதினான்கு பேருக்கும், மன்னிக்கவும், தன்னை விட்டுப் பதின்மூன்று பேருக்கும் சிபாரிசுக் கடிதம் கையால் எழுதினார். என் கடிதத்தில், இவன் வாய் கெட்டவன், கை நல்லது என்று இருந்தது. அதைக் காட்டித்தான் மில்லிக்கனில் கேக் சுடும் ஒரு வெதுப்பகத்தில் மெஷின் பராமரிக்கும் வேலை எடுத்தேன். முதலாளியம்மா சீனாவிலிருந்து வந்தவ. கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தா. இன்னும் அங்கேதான் நிற்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படித்தார்கள்.

ஒரு வருடம் கழித்து, டோர்செட் பார்க்கில் லிஃப்ட் வேலை செய்யாத எங்கள் கட்டடத்தில் ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்கச் சுப்பவைசர் வந்து கதவைத் தட்டினார். டெக்னீசியன் அவருக்கு அனுப்பிய கடிதமும் படமும் கையில். கடிதத்தில் இரண்டே வரி: "கிளச் திருத்திவிட்டோம். மட்டையைக் கழற்றவில்லை." அச்சு தானாக இறங்கியது அந்தக் கிளச்சின் பழுதால்தான்; பத்து வருடமாக எங்கள் முதலாளி செய்யாத வேலை. சுப்பவைசர் சோபாவில் விழுந்து, "பாத்தியா, இதுதான் எனக்குப் பயம். அவங்கள் திருத்துறாங்கள்" என்றார். பிறகு படத்தை என்னிடம் நீட்டினார். "இந்தா, விசரா. இது உன்ரை." என் மனைவி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, கோப்பையைப் பிரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போதும் தொலைக்காட்சியில் அதே கதை. சீனாவின் கார் வரப்போகிறதாம், எங்களை விழுங்கப்போகிறதாம். தமிழ்க் கடைகள் இருக்கும் பிளாசாவில் எங்கள் ஆட்கள், நேற்று வந்து இறங்கியவர்கள், அதே பயத்தைத் தங்கள் வாயால் பேசுகிறார்கள். பயப்படுவது அவரவர் விருப்பம். அவரும் சாகும்வரை பயந்தார், பயத்தை வைத்துக்கொண்டே ஒருவனுடைய கையைக் காப்பாற்றினார். அதற்கு முதல் என்னுடையதை. நான் அவருக்கு ஒருநாளும் நன்றி சொல்லவில்லை. எங்களுக்குள் அந்தப் பழக்கம் இருக்கவில்லை.

காலையில் வேலைக்குப் போனதும் லொக்கரைத் திறப்பேன். மட்டை, என் எழுத்து, அவர்களுடைய எழுத்து, பக்கத்தில் விரித்த கை. அந்தக் கையின் விரல்களை எண்ணிவிட்டுத்தான் என் கையுறையைப் போடுவேன். ஐந்தும் இருக்கின்றன.