ஒரு முழங்காலுக்கான மன்றாட்டு

ஜெர்மனியின் ரூர் பகுதியிலிருந்த ஒரு சின்னக் கால்பந்துக் கழகத்தில், இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், உடுப்புத் தோய்க்கும் வேலை செய்தேன். காலுறையைப் பார்த்தே ஆள் எப்படி ஓடினார் என்று சொல்லுவேன், அவ்வளவு பழக்கம்.

ஓர் ஆங்கிலேய ஆட்டக்காரரை அங்கேதான் கண்டேன். பதினாறு வயதில் அவரை ஒரு பெரிய அணி எடுத்ததாம். பிறகு ஒவ்வொரு பருவத்துக்கும் ஒவ்வோர் ஊர். ஒவ்வோர் ஊரும் முந்தியதைவிடச் சின்னது. "என் பெட்டிதான் என் வீடு" என்று அரைகுறை ஜெர்மனில் சொல்லுவார். என்னுடையதும் அரைகுறைதான், அதனால் நன்றாக விளங்கியது. ஆட்கள் சொல்லும் இப்படியான பேச்சுகளைக் கலண்டர் ஓரத்தில் குறித்துவைப்பது என் பழக்கம். இதையும் குறித்தேன்.

வசந்தத்தில் ஒரு நாள் அவருடைய காலுறைக்குள் சுருட்டிய துணிப்பட்டி ஒன்று அகப்பட்டது. அடுத்த நாளும் அகப்பட்டது. கேட்டேன். கதவைச் சாத்திவிட்டு வலது முழங்காலைத் தொட்டுக் காட்டினார். சரியாக மடங்குவதேயில்லையாம். வீட்டிலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறாராம். இன்னும் நான்கு ஆட்டம் ஓடிவிட்டால் இரண்டு வருட ஒப்பந்தம். அதற்கு முன் வெளியே தெரிந்தால் இருபத்தொன்பது வயதில் எல்லாம் முடிந்தது.

"யாரிடமும் சொல்லாதே" என்றார். சொல்லமாட்டேன் என்றேன்.

எங்கள் தமிழ்த் திருப்பலிக்குக் கோயில் வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். மன்றாட்டைக் கடதாசித் துண்டில் எழுதிப் போட்டால் பூசையில் வாசிப்பார்கள். பெட்டியடியில் நிற்கும் அக்கா எப்போதும் சொல்லுவார்: "விலாசத்தை வடிவா எழுதுங்கோ, அப்பதான் போய்ச் சேரும்." நானும் ஒன்றும் விடாமல் வடிவாக எழுதினேன். எந்தக் கழகம், எந்த நாட்டுக்காரர், எந்த முழங்கால், ஒருவருக்கும் சொல்லாமல் அவர் படும் வேதனை. தமிழில்தானே என்று நினைத்தேன். தமிழ் எனக்குப் பூட்டுப் போட்ட அலுமாரி மாதிரி. துண்டு வாசிக்கப்பட்டது. கோயில் நிறைந்த சனம் ஒரே குரலில் அவருக்காக மன்றாடியது. எனக்குக் கண் கலங்கியது.

கழகத்துக் குசினியில் சமையல் வேலை செய்யும் அண்ணையும் அன்று பின்வரிசை வாங்கிலில் இருந்திருக்கிறார். நான் காணவில்லை.

திங்கட்கிழமை அண்ணை தோய்க்கும் அறைக்கு ஓடிவந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தங்கச்சி, ட்ரெயினரிட்டைச் சொல்லிப்போட்டன்!"

"என்னத்தை அண்ணை?"

"உன்ரை வெள்ளைக்காரன்ரை முழங்காலை. நேற்று நாங்கள் இவ்வளவு பேர் மன்றாடினனாங்கள், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ எண்டு சொன்னன். மனுசன் வாயடைச்சுப் போனான்!"

கையிலிருந்த ஈரச் சட்டை நிலத்தில் விழுந்தது. "ஐயோ அண்ணை, அது இவங்களுக்குத் தெரியக்கூடாதெல்லே!"

அவருடைய சிரிப்பு மெல்ல இறங்கியது. "தெரியக்கூடாதெண்டா ஏனம்மா கோயிலிலை வாசிக்கக் குடுத்தனி?"

இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் எதைப் போட்டேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

அதே கிழமைக்குள் ஆங்கிலேயரை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்தே போய்விட்டதாம். ஒப்பந்தம் இல்லை.

பெட்டியோடு விடைபெற வந்தார். நான்தான் சொன்னேன் என்றேன். கடவுளிடம்தான் சொன்னேன், பக்கத்தில் ஆட்கள் இருந்துவிட்டார்கள் என்று கெட்ட ஜெர்மனில் விளங்கப்படுத்தினேன். திட்டுவார் என்று நின்றேன்.

"எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"இருநூறு இருக்கும்."

அழுக்குக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்துவிட்டார். வலது கால் மடங்காமல் முன்னே நீட்டிக் கிடந்தது.

"என் அம்மாவுக்கே இன்னும் தெரியாது" என்றார்.