மடவளை பஸ்ஸும் பொற்றாசியமும்

மண்ணெண்ணெய் வாசம் வந்தால் எனக்கு அடுப்பு ஞாபகம் வராது. கண்டியில் ஏ.எல். உயர்தர வகுப்பு முதல் வருடம் படித்த லேப்தான் ஞாபகம் வரும்... போத்தலுக்குள் மண்ணெண்ணெயில் ஊறிக் கிடந்த சோடியம். இரசாயனவியல் சேர் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போட, உஸ்ஸென்று ஓடியது. பொற்றாசியம் அதைவிடத் துள்ளியது.

ஒவ்வொரு திங்களும் வெற்று ஆவர்த்தன அட்டவணையைத் தந்து, முதல் முப்பத்தாறு மூலகங்களையும் நிரப்பச் சொல்வார். ஒரு கட்டமும் பிழைக்காமல் நிரப்புவேன். ஆனால் அவை ஏன் அப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது.

அதைச் சொல்லித் தந்தவள் ரிஸானா. பக்கத்துக் கதிரைக்காரி. குட்ஷெட் பஸ் நிலையத்தில் இருவரும் மடவளை பஸ் ஏறுவோம். நான் கட்டுகஸ்தோட்டையில் இறங்கிவிடுவேன்.

"மண்டையப் போட்டு ஒடைக்காத புள்ள. இந்த பஸ்ஸப் பாரு. உள்ள சீட் நெறஞ்ச பொறகுதானே ஃபுட்போர்ட்ல தொங்குறான்? இலத்திரனும் அப்பிடித்தான். சோடியத்துக்கு வெளியில தொங்குறது ஒரு ஆள். பொற்றாசியத்துக்கும் ஒரு ஆள். அதான் ஒண்டுக்குக் கீழ ஒண்டு ஈக்குது. ஒரே கொணம்."

"அப்ப பொற்றாசியம் மட்டும் ஏன் கூடத் துள்ளுது?"

"அது நீட்டு பஸ். தொங்குறவன் டிரைவருக்குத் தூரம். பிடி கொறவு. லேசா கழண்டுருவான்."

"குளோரீன்?"

"ஒரு சீட் காலி. கண்டக்டர் கத்திட்டே ஈப்பான்."

எங்கள் கண்டக்டர் திரும்பி முறைத்தார். சிரிப்பை அடக்கவே முடியவில்லை...

அடுத்த திங்கள் சேர் அதே பொற்றாசியக் கேள்வியைக் கேட்டார். நான் எழுந்தேன். பஸ் கதையை விட்டுவிட்டு, கரு, தூரம், கவர்ச்சி என்று அழகாகச் சொன்னேன்.

"பாத்தீங்களா? இதுதான் விளங்கிப் படிக்கிறது!"

ரிஸானா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு திருத்திய தாள்கள் வந்தன. அவளுடைய அட்டவணையில் பாதிக் கட்டங்கள் வெறுமை. பெயர்கள் அவளுக்கு மனதில் நிற்காது. சேர் அவளை எழுப்பினார்.

"இதையே நிரப்ப ஏலாட்டி சயன்ஸ் எதுக்கு? ஆர்ட்ஸுக்கு மாறுங்க."

'சேர், எனக்கு விளங்கப்படுத்தினதே இவதான்' என்று ஒரு வசனம் போதும். நாக்கு நுனி வரை வந்தது. கிடைத்த பாராட்டு கைமாறிவிடுமோ என்ற பயம்... குனிந்து புத்தகத்தைப் புரட்டினேன்.

அடுத்த கிழமை பக்கத்துக் கதிரையில் வேறொருத்தி.

இன்று நான் இரசாயனவியல் ஆசிரியை. பிள்ளைகள் ஃபோனில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும், இலத்திரன்கள் கலர் கலராகச் சுற்றுகின்றன. வெற்றுத் தாளை நிரப்பவில்லை என்று நான் யாரையும் வெளியே அனுப்பியதில்லை. பஸ் கதையைத்தான் வருடா வருடம் சொல்கிறேன். யாருடைய கதை என்று மட்டும் சொன்னதில்லை.

போன மாதம் திகனயில் ரிஸானாவின் புடைவைக் கடைக்குப் போனேன். தேத்தண்ணி வரவழைத்தாள். பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பேசி முடித்த பிறகு, கேட்டே விட்டேன்.

"அன்னைக்கு நீயாவது சேர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

அவள் துணியை மடித்தபடியே சொன்னாள்.

"நீ சொல்லுவாய்ண்டுதான் பாத்துட்டு ஈந்தேன். அதுக்குள்ள பெல் அடிச்சிட்டு."